சம்பளம் தருவது யார்?

அன்பு மகளுக்கு,

பேச்சுப் போட்டிக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை எடுத்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். ரோசா பார்க்ஸ் பேருந்தில் எழுந்திருக்க மறுத்த கதையை மேடையேறும் எல்லாரும் சொல்வார்கள். நீ ராயபுரத்துப் பிள்ளை. உனக்கு மெம்ஃபிஸ் நகரத்துக் குப்பை வண்டிதான் பொருத்தம்.

ஆண்டு 1968. குடிமை உரிமைச் சட்டம் 1964-லும் வாக்குரிமைச் சட்டம் 1965-லும் வந்தாயிற்று. எந்த ஓட்டலிலும் உட்காரலாம், ஓட்டும் போடலாம். ஆனால் மெம்ஃபிஸில் குப்பை அள்ளியவர்கள் ஏறக்குறைய எல்லாருமே கறுப்பர்கள். மேற்பார்வை பார்த்தவர்கள் வெள்ளையர்கள். மழை பெய்தால் குப்பை அள்ளியவர்களை வீட்டுக்கு அனுப்பிக் கூலியை வெட்டுவார்கள். மேற்பார்வையாளருக்கு முழுச் சம்பளம். பிப்ரவரி 1 அன்று மழைக்கு எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இருவர் வண்டியின் பின்பக்கம், குப்பையை நசுக்கும் பெட்டிக்குள் ஒதுங்கினார்கள். இயந்திரம் தானாக ஓடி இருவரையும் நசுக்கிவிட்டது. அந்த வண்டிகள் ஆபத்தானவை என்று தொழிலாளர்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள்.

பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். போராட்டத்தின்போது கையில் பிடித்த அட்டையில் ‘நான் ஒரு மனிதன்’ என்று எழுதியிருந்தது. கோரிக்கைகளில் ஒன்று அற்பமாகத் தோன்றும்: சங்கச் சந்தாவை நகராட்சியே சம்பளத்தில் பிடித்துக் கொடுக்க வேண்டும். மேயர் ஹென்றி லோப் மசியவே இல்லை. காரணம் இருக்கிறது. நகராட்சியின் கணக்கில் அந்தப் பிடித்தம் ஏறினால், சங்கம் இருப்பதை நகராட்சியே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடும். தொழிலாளர்களுக்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 16-ஆம் தேதி நகராட்சி சங்கத்தை ஏற்றது, கூலியும் உயர்ந்தது.

இனி நம் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக்கு வா. அதற்கு முன் ஒன்று: 1924-இல் சென்னைச் சட்டசபையில் ரெட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலையும் கிணறும் எல்லாருக்கும் என்றது. இன்று அந்தச் சாலையில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். அதைக் கூட்டுவது யார் என்று பார். பெரும்பாலும் தலித்துகள், அதிலும் பெண்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் அவர்கள்தான் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததுதான் காரணம். அதுவரை தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் என்ற திட்டத்தின் பேரில் மாநகராட்சியிடம் சம்பளம் வாங்கியவர்கள். கொரோனாவிலும் வெள்ளத்திலும் தெருவில் நின்றவர்கள். தனியாரிடம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, வேலையும் போகாது என்றது மாநகராட்சி. கைக்கு வரும் பணம் குறையும், நிரந்தரம் என்ற பேச்சே செத்துப்போகும் என்றார்கள் இவர்கள். ஆகஸ்ட் 13 அன்று நடைபாதையிலிருந்து அகற்ற உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது; அன்று நள்ளிரவே போலீஸ் அப்புறப்படுத்தியது.

மறுநாள் அமைச்சரவை ஆறு நலத்திட்டங்களை அறிவித்தது. காலை உணவு, காப்பீடு, பிள்ளைகள் படிப்புக்கு உதவி எல்லாம் அதில் உண்டு. இதை நான் கேலி செய்ய மாட்டேன். விடியுமுன் வெறும் வயிற்றோடு கிளம்பும் பெண்ணுக்குச் சாப்பாடு சாப்பாடுதான். ஆனால் அவர்கள் கேட்டது பணி நிரந்தரம். ஆறில் அது இல்லை. மெம்ஃபிஸ் மேயரும் இரக்கமில்லாதவர் என்று பெயர் வாங்க விரும்பியவரல்ல. குறை இருந்தால் தனித்தனியாக வந்து சொல்லலாம் என்பது அவர் வழக்கம். சங்கமாக வந்தால்தான் அவருக்கு ஆகாது. கொடுப்பவர் கையில் இருக்கும்வரை எதையும் கொடுக்கலாம்; ஏட்டில் ஏறிவிட்டால் நாளைக்குத் திரும்ப எடுக்க முடியாதே!

இரண்டும் ஒன்றே என்று மட்டும் மேடையில் சொல்லிவிடாதே. அங்கே சங்கம் ஏற்கப்பட்டது. இங்கே அன்று வழக்கும் பேச்சுவார்த்தையும்தான் மிஞ்சின. நிறவெறியும் சாதியும் ஒரே சரக்கல்ல.

பேசுவதற்கு முன் உன் தெருவில் பேட்டரி வண்டி ஓட்டும் அக்காவிடம் ஒன்று கேள்: உங்கள் சம்பளம் யார் பெயரில் வருகிறது, 2025 ஆகஸ்டுக்கு முன் யார் பெயரில் வந்தது? காலையில் குப்பையை ஏற்றும்போது நிறுத்திக் கேட்காதே, மேஸ்திரி சத்தம் போடுவார். வேலை முடிந்தபின் போ.

அன்புடன்,
பெரியப்பா