அன்னாசிக்குப் பசுமைக்குடில் வேண்டுமா?

சகோதரிகளே, அன்னாசி போடுவதற்குக் குடில் கட்டலாம், கடன் கேட்கலாம் என்று நினைப்பவர்கள் மனு எழுதும் முன் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

கண்ணாடிக் குடிலில் அன்னாசி வளர்க்கும் ஊர் இருக்கத்தான் செய்கிறது. போர்ச்சுகல் நாட்டின் அசோர்ஸ் தீவுக்கூட்டத்தில் சான் மிகுவேல் என்று ஒரு தீவு. அங்கே வெயில் பத்தாது, அதனால் கண்ணாடிக்குள் வளர்க்கிறார்கள். நமக்கு அந்தக் கவலையே இல்லையே! அன்னாசிக்கு 15 முதல் 32 டிகிரி வரை சூடு சுகம். சமவெளியில் சித்திரை மாதம் பாலித்தீன் குடிலை மூடி வச்சா செடி வெந்துதான் போகும். கொல்லிமலையில் மர நிழலிலேயே நன்றாக விளைகிறது. நமக்குத் தென்னை இடைவெளி போதும். மரமே இல்லாத இடத்தில் நிழல்வலை கட்டலாம்.

ஆனால் அந்தத் தீவுக்காரர்களிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. குடிலுக்குள் புகை போடுவார்கள். புகையில் இருக்கும் எத்திலீன் வாயு பட்டதும் எல்லாச் செடியும் ஒன்றாகப் பூக்கும். வாழைத்தாரைப் பழுக்க வைக்க நாம் மூட்டம் போடுகிறோமே, அதே வாயுதான். திறந்த தோட்டத்தில் புகை நிற்காது. அதற்குப் பதில், செடிக்கு 35 முதல் 40 இலை வந்தபின் எத்ரல் மருந்தும் 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் யூரியாவும் கலந்து, செடிக்கு 50 மில்லி வீதம் குருத்தில் ஊற்ற வேண்டும். எத்ரல் அளவைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், குத்துமதிப்பாக ஊற்ற வேண்டாம். தொட்டியில் ஒன்றிரண்டு வைத்திருப்பவர்கள், கனிந்த வாழைப்பழத்தைச் செடியருகே வைத்து பாலித்தீன் பையால் சில நாள் மூடிப் பார்க்கலாம்.

ஒன்றாகப் பூத்தால்தான் ஒன்றாக வெட்டலாம். இன்றைக்கு நாலு, அடுத்த வாரம் ஆறு என்று பழம் வந்தால் எந்த வியாபாரி வண்டி அனுப்புவார்?

ஒரே எடையுள்ள பக்கக்கன்றுகளாக, 300 முதல் 350 கிராம் வரை, பொறுக்கி நடுங்கள். தலைக்கொண்டை சும்மா கிடைக்கும், ஆனால் காய்க்க இன்னும் நாளாகும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

கடன் கணக்குக்கு வருவோம். நட்டு அறுவடைக்கு வர 18 முதல் 24 மாதம். தவணையோ அடுத்த மாதமே ஆரம்பிச்சிடும். அதனால் இதை நம்பி மட்டும் பெரிய கடன் வேண்டாம். பால்மாடோ தையலோ கையில் இருக்கிறவர்கள் சின்ன அளவில் தொடங்கட்டும்.

முதல் பழம் வெட்டியதும் செடியைப் பிடுங்காதீர்கள். ஒரு பக்கக்கன்றை விட்டால் மறுதாம்பு காய்க்கும். மீதிக் கன்றுகளை நடவுக்கு விற்கலாம்.