தேமலா, தொழுநோயா? களிம்பு கொடுக்கும் முன் தொட்டுப் பாருங்கள்

கிராம சுகாதார செவிலியர், ஆஷா பணியாளர், மக்களைத் தேடி மருத்துவத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிறவர், மெடிக்கல் ஷாப் கவுன்ட்டரில் நிற்கிறவர், மில்லின் முதலுதவி அறையில் இருக்கும் நர்ஸ் என்று இவர்களில் யாராக நீங்கள் இருந்தாலும் இந்தக் கேள்வி உங்களிடம் வந்திருக்கும்: "இதுக்கு என்ன ஆயின்மென்ட் போடலாம்?" சட்டையை விலக்கி வெளுத்த படை ஒன்றைக் காட்டுவார். பெரும்பாலும் அது தேமல் அல்லது படர்தாமரை. எப்போதாவது ஒன்று தொழுநோய்.

அந்த ஒன்றுக்கும் பூஞ்சைக் களிம்பையே கொடுத்து அனுப்பினால் உடனே எதுவும் கெட்டுவிடாது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. வலி இல்லை, அரிப்பு இல்லை, எனவே அவர் திரும்பி வர மாட்டார். விரல் மடங்கிய பிறகோ காலில் ஆறாத புண் வந்த பிறகோதான் வருவார். கிருமியை அப்போதும் கொல்லலாம். செத்த நரம்பை மீட்பது கடினம்.

10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் கீழே என்ற அளவை இந்தியா 2005 டிசம்பரில் எட்டியது. அதோடு தொழுநோய் போய்விட்டது என்ற நினைப்பு பரவிவிட்டது. ஆனால் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான். தொழுநோய்க்கென்றே தனியாக இருந்த ஊழியர்கள் பொதுச் சுகாதாரத் துறையோடு இணைக்கப்பட்டுவிட்டார்கள். ஆகவே முதல் சந்தேகம் எழ வேண்டிய இடம் இப்போது உங்கள் மேசைதான்.

உங்கள் வேலை எதுவரை?

நோயை உறுதி செய்வது மருத்துவரின் வேலை. சந்தேகப்படுவதும் சரியான இடத்துக்கு அனுப்புவதும் உங்கள் வேலை. "உங்களுக்குத் தொழுநோய்" என்று நீங்கள் ஒருநாளும் சொல்ல வேண்டியதில்லை. "வெறும் தேமல்தான், விடுங்க" என்று தொட்டுப் பார்க்காமல் சொல்லவும் கூடாது. கேட்பது, பார்ப்பது, தொடுவது என்ற வரிசையில் போங்கள். மூன்றும் சேர்ந்தே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

முதலில் கேளுங்கள்

அரிக்கிறதா? படர்தாமரை என்றால் பதில் வேகமாக வரும்: "ராத்திரி தூங்க விட மாட்டேங்குது." தேமலில் வியர்க்கும்போது லேசான நமைச்சல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தொழுநோய்ப் படை பொதுவாக அரிப்பதில்லை.

எவ்வளவு நாளாக இருக்கிறது? பூஞ்சை வாரங்களில் பரவும். வெயில் காலத்தில் கூடும், குளிர்ந்தால் குறையும். தொழுநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. உடம்புக்குள் போய் அறிகுறி தெரியச் சராசரியாக 5 ஆண்டு ஆகலாம், 20 ஆண்டுகூட ஆகலாம். "வருஷக் கணக்கா இருக்கு, ஒண்ணும் பண்ணல" என்று ஒருவர் சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

கை, காலில் மரமரப்பு உண்டா? செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்தாரா? சூடான டம்ளர் பட்டுக் கொப்பளம் வந்தது தெரியவில்லையா? வீட்டில் யாராவது முன்பு தொழுநோய்க்கு மருந்து சாப்பிட்டிருக்கிறார்களா? இவற்றில் ஒன்றுக்கு "ஆமா" வந்தாலும் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

பிறகு பாருங்கள்

ட்யூப்லைட்டுக்கு அடியில் பார்த்தால் ஏமாறுவீர்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் நிறுத்தி, சற்றுச் சாய்வாகப் பாருங்கள். அவர் காட்டிய இடத்தோடு நிறுத்தாமல் முதுகு, கைகளின் பின்புறம், தொடை, காது மடல் எல்லாவற்றையும் மறைப்புக்குள் வைத்துப் பாருங்கள். பெண்களைப் பெண் பணியாளர்தான் பார்க்க வேண்டும்.

படர்தாமரை: வட்டமாக இருக்கும். ஓரம் தடித்துச் சிவந்து செதில் செதிலாக, நடுப்பகுதி தெளிந்து. இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள் என்று வியர்வை தங்கும் இடங்களை விரும்பும். ஒரே டவலைப் பயன்படுத்தும் வீட்டில் அடுத்தவருக்கும் இருக்கும்.

தேமல்: மார்பு, முதுகு, கழுத்து, தோள். சின்னச் சின்னதாகத் தொடங்கி ஒன்றோடொன்று சேரும். வெளுத்தும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும். நகத்தால் மெல்லச் சுரண்டினால் தவிடுபோல் உதிரும்.

வெண்புள்ளி: பால் வெள்ளை. தொழுநோய்ப் படை அப்படி முழு வெள்ளையாக ஆவதில்லை. வெண்புள்ளியில் செதில் இல்லை, உணர்ச்சி மாறுவதில்லை, சில சமயம் அந்த இடத்து முடியும் வெளுத்திருக்கும். அது தொற்றும் நோயே அல்ல.

தொழுநோய்ப் படை: சுற்றியுள்ள தோலைவிட வெளுத்தோ, செம்பு நிறமாகவோ இருக்கும். தோல் வறண்டிருக்கும், வெயிலில் நின்று வந்தவருக்கு உடம்பெல்லாம் வியர்த்திருக்க, அந்த இடம் மட்டும் காய்ந்து கிடக்கும். முடி குறைந்தோ இல்லாமலோ இருக்கும். ஒன்றே ஒன்றாகவும் இருக்கலாம், நிறையவும் இருக்கலாம்.

கடைசியில் தொடுங்கள்

பார்வையால் வந்த சந்தேகத்தைப் போக்கவோ உறுதியாக்கவோ உதவுவது இந்தக் கட்டம்தான். தேவையானது ஒரு பால்பாயின்ட் பேனா அல்லது முனை திரித்த சிறு பஞ்சு. ஊசி வேண்டாம்.

ஒருவர் முழங்கைக்கு மேலே ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு படையோடு வந்திருக்கிறார் என்று வையுங்கள்.

"அண்ணே, இந்தப் பேனா முனையால லேசாத் தொடப் போறேன். குத்த மாட்டேன். தொட்ட இடத்துல ஒரு விரலை வச்சுக் காட்டுங்க."

"சரி சிஸ்டர்."

முதலில் கண் திறந்தபடியே, நல்ல தோலில். சரியாகக் காட்டுகிறார், விளையாட்டு புரிந்துவிட்டது. இனி கண்ணை மூடச் சொல்லுங்கள். நல்ல தோலில் ஒருமுறை தொடுகிறீர்கள். விரல் நேராக அங்கே போகிறது. படைக்கு வெளியே இன்னொரு இடம், அதுவும் சரி. இப்போது படையின் நடுவில். தோல் லேசாக அமுங்குகிறது. விரல் அசையவில்லை. சற்றுப் பொறுத்து அதே இடத்தில் மறுபடியும். அவர் கண்ணை மூடியபடியே கேட்கிறார்: "தொடறதை நிறுத்திட்டீங்களா சிஸ்டர்?"

இதற்கு மேல் ஆதாரம் தேடாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். படையில் உணர்ச்சி குறைந்திருப்பது தொழுநோயின் தலையாய அடையாளங்களில் ஒன்று. தேமலிலும் படர்தாமரையிலும் இது நடக்காது.

இதில் வழக்கமாக நடக்கும் தவறுகள் மூன்று. ஒவ்வொரு முறையும் "தெரியுதா?" என்று கேட்பது முதலாவது. நம் ஊர்க்காரர்கள் மரியாதைக்காகவே "தெரியுது" என்பார்கள். கேட்காமல் தொடுங்கள், விரல் பேசட்டும். தேய்ப்பது இரண்டாவது, பஞ்சை இழுத்தால் பக்கத்துத் தோல் உணர்ந்துவிடும். ஒரே தாளத்தில் தொடுவது மூன்றாவது. அடுத்தது எப்போது என்று அவர் கணித்துவிடுவார். இடைவெளியை மாற்றி மாற்றித் தொடுங்கள்.

பேனாவையும் ஏமாற்றும் இடங்கள்

முகம்: நரம்புகள் நிறைந்த இடம் என்பதால் அங்குள்ள தொழுநோய்ப் படையில் உணர்ச்சி கெடாமலே இருக்கலாம். குழந்தைகள் முகத்தில் "அழகுத்தேமல்" என்று வீட்டில் விட்டுவிடும் வெளுப்பு பெரும்பாலும் தீங்கற்றதுதான். ஆனாலும் மாதக்கணக்கில் மாறாமல் இருந்தாலோ, வீட்டில் தொழுநோயாளி இருந்தாலோ டாக்டர் பார்க்கட்டும். சிறு குழந்தைகளிடம் தொடு பரிசோதனையை நம்பவும் முடியாது.

கிருமி அதிகமுள்ள வகை: இதுதான் எல்லாரையும் தாண்டிப் போவது. தெளிவான படை இருக்காது, தொட்டால் உணர்வார். தோல் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கும். காது மடல் தடிக்கும், சிறு முடிச்சுகள் வரும், புருவம் ஓரத்திலிருந்து உதிரும், மூக்கு அடைத்தே இருக்கும், பாதம் வீங்கும். "முகம் பளபளன்னு ஆயிடுச்சே" என்று உறவினர்கள் பாராட்டியிருக்கவும் கூடும்.

வட்ட வடிவம்: சில தொழுநோய்ப் படைகளும் ஓரம் தடித்து நடு தெளிந்து, படர்தாமரை என்றே தோன்றும். அரிப்பு இல்லாத "படர்தாமரை"யைக் கண்டால் பேனாவை எடுங்கள்.

மருந்துக்குக் கேட்காதது: இதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். இந்தியாவில் படர்தாமரையே இப்போது பிடிவாதமாகிவிட்டது. டெர்பினாஃபின் மாத்திரைக்கு அடங்காத பூஞ்சை பரவியிருக்கிறது. தேமலிலும் பூஞ்சை செத்த பிறகு நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். செதில் நின்றிருந்தால் மருந்து வேலை செய்துவிட்டது என்று பொருள். ஒருவருக்கே தேமலும் தொழுநோயும் சேர்ந்து இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நரம்பையும் விடாதீர்கள்

முழங்கையின் உள்பக்கக் குழி, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், உள் கணுக்காலின் பின்புறம், கழுத்தின் பக்கவாட்டு ஆகிய இடங்களில் நரம்பு தடித்துக் கயிறாகத் தட்டுப்படலாம். தடவிக் கண்டறியப் பயிற்சி வேண்டும். பயிற்சி இல்லாதவரும் செய்யக்கூடியவை உண்டு. இரண்டு விரல்களுக்கு இடையே ஒரு சீட்டைப் பிடிக்கச் சொல்லி இழுங்கள், பிடி நழுவுகிறதா? சுண்டுவிரல் மடங்கி நிற்கிறதா? குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்க முடிகிறதா? கண்ணை இறுக மூடும்போது இடைவெளி விழுகிறதா? எதில் பலவீனம் தெரிந்தாலும் அன்றே அனுப்புங்கள். பழைய படைகள் திடீரென்று சிவந்து வீங்கி, நரம்பும் வலித்தால் அது அவசரம். நாள் பார்க்கக் கூடாது.

கவுன்ட்டரில் நிற்கிறவருக்கு

குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைச் சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், வாடிக்கையாளர் மகிழ்வார். பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டிருக்கும். வட்டமும் செதிலும் கலைந்து, பிறகு தோல் மருத்துவரே தடுமாறும் அளவுக்குப் படையின் தோற்றம் மாறிவிடும். தொழுநோய்ப் படையையும் அது சிறிது காலம் மங்க வைத்துச் சிகிச்சையைத் தள்ளிப் போடும். "இது எத்தனாவது ட்யூப்?" என்று கேட்டாலே பாதிக் கதை வெளியே வரும்.

எப்படிச் சொல்லி அனுப்புவது?

நாலு பேர் நடுவில் பேசாதீர்கள். "இந்த இடத்துல உணர்ச்சி கொஞ்சம் கம்மியா இருக்குண்ணே. டாக்டர் ஒருதடவை பார்த்துடட்டும். எதுவா இருந்தாலும் மாத்திரையில சரியாகும்" என்றால் போதும். சீட்டில் எழுத வேண்டியவை: படை எத்தனை, எங்கே, எத்தனை நாளாக, உணர்ச்சி உண்டா, கைகால் பலவீனம் உண்டா. எண்ணிக்கைக்குக் காரணம் இருக்கிறது. 5 படை வரை இருந்தால் பொதுவாக 6 மாத சிகிச்சை. 6 அல்லது அதற்கு மேல் என்றால் 12 மாதம். கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். ரிஃபாம்பிசினால் சிறுநீர் சிவக்கும், குளோஃபாசிமினால் தோல் கறுக்கும், இரண்டும் தற்காலிகம். முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்து நடுவில் நிறுத்துவார். அனுப்பியதோடு முடிக்காமல், போனாரா என்று அடுத்த வாரம் விசாரியுங்கள். நோய் உறுதியானால் வீட்டில் உள்ள மற்றவர்களையும் பார்க்க வேண்டும்; தகுதியுள்ளவர்களுக்கு ஒரே வேளை ரிஃபாம்பிசின் தடுப்பு மருந்தாகத் தரப்படும்.

வேலை போய்விடுமா?

அவர் மனதில் ஓடும் முதல் கேள்வி இதுதான். உங்களிடம் பதில் தயாராக இருக்கட்டும். சிகிச்சை தொடங்கியதும் பரப்பும் தன்மை வேகமாக மறைந்துவிடும். மனிதர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு. ஒதுக்கி வைக்கவோ வேலையை விட்டு அனுப்பவோ மருத்துவக் காரணமே இல்லை. ஈ.எஸ்.ஐ. நீட்டித்துத் தரும் நோய்க்கால உதவிப் பட்டியலில் தொழுநோய் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்களையும் பாதுகாக்கிறது. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டும் பிரிவுகள் 2019-இல் நீக்கப்பட்டன. பர்சனல் டிபார்ட்மென்டில் இருப்பவரும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நோயின் பெயரைச் சூப்பர்வைசருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் முதலுதவி அறைக்கு இல்லை. உணர்ச்சி இழந்த கை உள்ளவரைச் சூடான இயந்திரத்திலிருந்து மாற்றச் சொல்லும்போது, "டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்பதே போதுமான காரணம்.

இந்தத் துறையில் மேலும் கற்க விரும்புகிறவர் தொலைவு போக வேண்டாம். செங்கல்பட்டு திருமணியில் மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேலூர் அருகே கரிகிரியில் ஷெஃபலின் நிறுவனம் இருக்கிறது. மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்த டாக்டர் பால் பிராண்ட் 1940-களில் வழி கண்டதும் இதே வேலூரில்தான். ஆனால் அந்த அறுவையே தேவைப்படாத கட்டத்தில் நோயாளியைப் பிடிப்பது பேனாவும் ஐந்து நிமிடமும் உள்ள உங்களால் முடியும். அடுத்து ஒருவர் "ஆயின்மென்ட்" என்று கேட்கும்போது, அலமாரிப் பக்கம் திரும்பும் முன் கண்ணை மூடச் சொல்லித் தொட்டுப் பாருங்கள்.