மன்னிப்பே இல்லாத பாவம் எது?

பல்லேபொலவிலிருந்து வடக்கே கலேவெலப் பக்கம் போனால் வஹாக்கோட்டை புனித அந்தோனியார் திருத்தலம். கண்டி அரசர் காலத்தில் போர்த்துக்கேய வழியினர் குடியேறிய பழைய கத்தோலிக்க ஊர் அது. தெற்கே மாத்தளைக்கு வரும் வழியில் அலுவிகாரை. திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட இடம் என்று பௌத்த மரபு போற்றும் குகை விகாரை. மாத்தளை நகருக்குள் முத்துமாரியம்மன் கோயில். மாசி மகத்துக்கு அங்கே பஞ்சரதம் ஓடும். இந்த வட்டாரத்தில் வளரும் ஒரு தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளைக்குப் பாவம், தோஷம், கர்மம் என்ற மூன்று பேச்சும் சிறு வயதிலேயே காதில் விழுந்துவிடும்.

பௌத்தம் ஐந்து கொடுஞ்செயல்களை ஆனந்தரிய கர்மம் என்கிறது: தாயைக் கொல்லுதல், தந்தையைக் கொல்லுதல், அரஹந்தரைக் கொல்லுதல், புத்தரின் உடலில் இரத்தம் வரச் செய்தல், சங்கத்தைப் பிளத்தல். இவற்றின் பலன் அடுத்த பிறவியிலேயே தப்பாமல் வந்து சேரும் என்பது போதனை. சைவ வழக்கில் பிரமகத்தி தோஷம் உண்டு. இராவணனைக் கொன்ற இராமனைப் பின்தொடர்ந்த அந்தத் தோஷம் சிலாபத்து முன்னேஸ்வரத்தில் தணிந்தது என்று நம் தீவிலேயே தலக்கதை வழங்குகிறது. வள்ளுவரும், வேறெந்த நன்மையைச் சிதைத்தவனும் பிழைத்துக்கொள்ளலாம், செய்த உதவியை மறந்தவனுக்கு மட்டும் வழி கிடையாது என்ற கருத்தில் பாடியிருக்கிறார்.

இவற்றையெல்லாம் கேட்டு வளர்ந்த மனம், மன்னிக்கப்படாத பாவம் ஒன்று உண்டு என்று இயேசு சொன்னதை வாசித்தவுடன் பாவங்களை அளந்து வரிசைப்படுத்தத் தொடங்கிவிடுகிறது. எது எல்லாவற்றிலும் பெரியது? கொலையா, விபசாரமா, தற்கொலையா, மறுதலிப்பா? தேடுகிற இடமே பிழை. பாவத்தின் பருமனைப் பற்றி அந்த வசனம் பேசவே இல்லை.

அது மத்தேயு 12, மாற்கு 3, லூக்கா 12 ஆகிய மூன்று அதிகாரங்களில் வருகிறது. மத்தேயுவின்படி, பேய் பிடித்துப் பார்வையும் பேச்சும் இழந்திருந்த ஒருவனை இயேசு குணமாக்குகிறார். ஆள் கண்முன்னே நிற்கிறான், பார்க்கிறான், பேசுகிறான். அவன் குணமானதை எவராலும் மறுக்க முடியவில்லை. உடனே எதிராளிகள் அந்த நன்மைக்கு வேறு பெயர் சூட்டுகிறார்கள்: பேய்களின் தலைவனான பெயல்செபூலின் துணையால்தான் இவன் பேயோட்டுகிறான் என்று. மாற்குவில் இதைச் சொல்கிறவர்கள் எருசலேமிலிருந்து வந்த மறைநூல் அறிஞர்கள், அதாவது சமய நூல்களைக் கரைத்துக் குடித்தவர்கள். ஆவியானவரைத் தூஷிக்கிறவனுக்கு மன்னிப்பு இல்லை என்ற இயேசுவின் எச்சரிக்கை இவர்களை நோக்கியே வருகிறது. அவரிடம் அசுத்த ஆவி இருப்பதாக அவர்கள் சொன்னதால்தான் இப்படிச் சொன்னார் என்று மாற்கு தம் கையாலேயே காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறார். மருந்து கொடுக்கிறவனையே நஞ்சு வைக்கிறவன் என்று தள்ளிவிட்ட நோயாளிக்கு யார் மருந்து ஊட்டுவது?

அதே மூச்சில் இயேசு சொன்ன இன்னொன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மனிதர் செய்யும் எல்லாப் பாவமும் எல்லாப் பழிச்சொல்லும் மன்னிக்கப்படும் என்கிறார். தமக்கே எதிராகப் பேசினாலும் மன்னிப்பு உண்டு என்கிறார். எச்சரிக்கை அந்தப் பெரிய வாக்குறுதிக்குப் பிறகே வருகிறது. வாக்குறுதியை வெட்டிவிட்டு எச்சரிக்கையை மட்டும் மேடையில் முழங்குவது பாதி வசனத்தைத் திருடுவதற்குச் சமம்.

திருச்சபைகள் இதை விளக்கியதில் சிறு வேறுபாடுகள் உண்டு. கடைசி மூச்சுவரை மனம் திரும்ப மறுக்கும் பிடிவாதமே இது என்றார் புனித அகுஸ்தீன். கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 1864-ஆம் எண்ணில் அதே வழியில்தான் செல்கிறது: இறை இரக்கத்துக்கு எல்லை இல்லை, அதை ஏற்க வேண்டுமென்றே மறுப்பவன் தானே மன்னிப்பைத் தள்ளிவிடுகிறான். 1814-இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்த சபையின் மூலவரான ஜான் வெஸ்லி இன்னும் குறுக்கினார். கிறிஸ்துவின் அற்புதங்களைச் சாத்தானின் வேலை என்று சொல்வது மட்டுமே அந்தப் பாவம் என்றார். எந்த விளக்கத்தை எடுத்தாலும், வருந்தி மன்னிப்புக் கேட்டு நிற்கிற ஒருவர் அதற்குள் வரமாட்டார்.

"மனதில் ஒரு தூஷண வார்த்தை வந்துவிட்டது, எனக்கு இனி இரட்சிப்பு இல்லை."

இந்த வசனத்தைச் சுற்றி உலவும் தவறான நம்பிக்கைகளில் மிகக் கொடியது இதுதான். யாரிடமும் சொல்ல முடியாமல் தனியே உழலச் செய்வது. செபம் செய்ய உட்கார்ந்தால் கடவுளைப் பற்றி அசிங்கமான சொல் ஒன்று மனதில் பாய்கிறது. துரத்தத் துரத்த அதிகமாக வருகிறது. வேதாகமத்தைத் திறந்தால் இந்த வசனம்தான் கண்ணில் படுகிறது. பக்தி குறைந்தவருக்கு இந்த நோவு வருவதில்லை. கடவுளை மதிக்கிறவரையே பிடிக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் பனியனுக்கு இப்படித்தான் நடந்தது. கிறிஸ்துவை விற்றுவிடு என்று ஓர் எண்ணம் மனதுக்குள் ஓயாமல் இரைந்தது. போராடிக் களைத்த ஒரு கணத்தில், விருப்பமானால் அவர் போகட்டும் என்று உள்ளே ஏதோ இசைந்துவிட்டதாக உணர்ந்தார். அதன்பின் தாம் மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டதாக நெடுங்காலம் துடித்தார். 1666-இல் வெளியான தன்வரலாற்றில் அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்த இருட்டிலிருந்து மீண்ட அதே மனிதர்தான் 1678-இல் மோட்சப் பயணக் கதையை வெளியிட்டார். கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியத்தைப் பாடினார்; அது 1894-இல் நூலாக வந்தது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றும் ஒரு காப்பியத்தின் ஊற்று, தனக்கு மீட்பே இல்லை என்று ஒரு காலத்தில் நம்பித் துடித்த மனிதரின் கைவேலை. அவர் பயம் உண்மையாக இருந்திருந்தால் இது எப்படி வந்திருக்கும்?

இஞ்ஞாசியாருக்கும் 1522-இல் மன்ரேசாவில் இதே வகை வேதனை வந்தது. பாவசங்கீர்த்தனம் செய்த பிறகும் ஏதோ விட்டுப்போனதாக மறுபடி மறுபடி கலங்கினார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட வந்தது. இயேசு சபையை நிறுவியவர் அவர். இப்படித் துடிப்பவர்களுக்குப் பழைய குருமார்கள் சொல்லிவந்த ஆலோசனையில் மிகுந்த அறிவு இருக்கிறது: ஒரே குருவானவரிடம் போங்கள், ஒருமுறை சொன்ன பழைய பாவத்தைத் திரும்பக் கிளறாதீர்கள், அவர் போதும் என்றால் நிறுத்திவிடுங்கள்.

இன்றைய மனநல மருத்துவம் இதை ஓசிடி என்ற நோயின் ஒரு வடிவமாகப் பார்க்கிறது. விரும்பாத எண்ணம் தானாக நுழைகிறது. தடுக்க முயலும்போது வலுக்கிறது. மருந்தும் பயிற்சியும் உண்டு, குணம் தெரியும். தானாக வந்த எண்ணம் ஒருவர் விரும்பிச் சொன்ன சொல்லாகாது. நற்செய்தியில் அந்த அறிஞர்கள் தெளிந்த மனதோடு, ஊர் கேட்கச் சொன்னார்கள். சொன்னதற்கு வருந்தவும் இல்லை. பயந்து அழுகிற உங்களை அவர்களோடு சேர்க்க யாருக்கும் உரிமை கிடையாது, உங்களுக்கும்தான்.

"கோயிலுக்கு நேர்த்தி வைத்தவன், கட்டாடியிடம் போனவன், விசுவாசத்தை மறுதலித்தவன் திரும்பி வர முடியாது."

பிள்ளைக்குக் காய்ச்சல் குறையவில்லை என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்ட தாய், வேலைக்காகவோ கலியாணத்துக்காகவோ சபையை விட்டு விலகியவர் எனப் பலரையும் பற்றி இப்படிச் சொல்வதுண்டு. எபிரேயர் 6-ஆம் அதிகாரத்தை ஆதாரம் காட்டுவார்கள். இந்தச் சண்டையைத் திருச்சபை 1700 ஆண்டுகளுக்கு முன்பே போட்டு முடித்துவிட்டது. கி.பி. 250-இல் பேரரசன் தேசியஸ் எல்லாரும் உரோமத் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டான். உயிருக்கு அஞ்சிப் பலியிட்ட கிறிஸ்தவர் ஏராளம். துன்பம் ஓய்ந்ததும் அவர்கள் அழுதுகொண்டு வாசலில் வந்து நின்றார்கள். இவர்களைத் திருச்சபை மன்னிக்கக் கூடாது என்றார் உரோமைக் குருவான நொவாசியன். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானும் உரோமைத் திருச்சபையும் தவம் செய்வித்துச் சேர்த்துக்கொண்டார்கள். 251-இல் உரோமையில் கூடிய சங்கம் நொவாசியனையே விலக்கியது. மூன்று முறை மறுதலித்த பேதுருவை மன்னித்த ஆண்டவரின் சபை வேறெப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்க முடியும்?

அவ்வளவு தூரம் போகத் தேவையும் இல்லை. 1658-க்குப் பிறகு ஒல்லாந்தர் இத்தீவின் கரையோரங்களில் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்தார்கள். உத்தியோகத்துக்காகவும் சொத்துக்காகவும் பலர் வெளியே சீர்திருத்தச் சபையினராக நடந்துகொண்டார்கள். 1687-இல் ஏழைக் கூலியாளைப் போல யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய கோவாக் குருவான ஜோசப் வாஸ் தேடிப் போனது இவர்களைத்தான். தமிழ் கற்று, சில்லாலையில் மறைந்திருந்து, இரவோடு இரவாகப் பாவசங்கீர்த்தனம் கேட்டார். 1692-இல் கண்டிக்குப் போனபோது ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். 1697-இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது நோயாளரை விட்டு அகலவில்லை. கண்டியிலேயே 1711-இல் இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். மறுதலித்தவருக்கு மன்னிப்பு இல்லை என்றால், இலங்கைத் திருச்சபையின் முதல் புனிதர் தம் வாழ்நாளை வீணாக்கிவிட்டார் என்றல்லவா ஆகும்?

"போதகரைக் கேள்வி கேட்டால் ஆவியானவரைத் தூஷித்த பாவம்."

இதைச் சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. காணிக்கைக் கணக்குக் கேட்டவரையும், குணமாகாத நோய் குணமானதாக அறிவித்ததைச் சந்தேகித்தவரையும் வாயடைக்க இந்த வசனத்தைத் தடியாக வீசுகிறார்கள். வேதாகமம் சொல்வது நேர்மாறானது. எல்லா ஆவிகளையும் நம்பிவிடாமல் சோதித்துப் பார்க்கும்படி யோவானின் முதல் கடிதம் பணிக்கிறது. பவுலின் போதனையையே வேதத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பெரேயா ஊராரை அப்போஸ்தலர் பணி நூல் மெச்சுகிறது. அந்தியோக்கியாவில் பவுல் பேதுருவை நேருக்கு நேர் எதிர்த்தார். ஆவியானவரின் வல்லமையைப் பணத்துக்கு வாங்கப் பார்த்த மந்திரவாதி சீமோனுக்குக்கூட, மனம் திரும்பி மன்றாடு என்ற வழியைப் பேதுரு காட்டினார். அவனுக்கே வழி இருக்கும்போது, கணக்குக் கேட்ட விசுவாசிக்கு இல்லையா?

"தற்கொலை செய்தவருக்கு மன்னிப்பும் இல்லை, பூசையும் இல்லை."

இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. தற்கொலையும் கொலையே என்று வாதிட்டவர் அகுஸ்தீன். மனம் திரும்பாமல் சாவதே மன்னிப்பில்லாத பாவம் என்றவரும் அவரே. இரண்டையும் மக்கள் முடிச்சுப் போட்டார்கள்: தன்னைக் கொன்றவனுக்கு மனம் திரும்ப நேரமில்லை, ஆகவே மன்னிப்பில்லை. சட்டமும் அதற்குத் துணைபோனது. அங்கிலிக்கன் சபையின் 1662-ஆம் ஆண்டுச் செபப்புத்தகமும் கத்தோலிக்கரின் 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் இப்படி இறந்தவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தன. சேமக்காலையின் ஓரத்தில் தனியே புதைத்த வழக்கம் முதியவர்களுக்கு நினைவிருக்கும்.

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 1983-இல் வந்த புதிய சட்டத் தொகுப்பு, சடங்கு மறுக்கப்படுவோர் பட்டியலில் தற்கொலையைக் குறிப்பிடவில்லை. கடும் மன நோய், அச்சம், வேதனை ஆகியவை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், கடவுள் தமக்கே தெரிந்த வழியில் மனம் திரும்ப வாய்ப்புத் தரக்கூடும் என்றும், இவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் மறைக்கல்வி நூலின் 2282, 2283-ஆம் எண்கள் சொல்கின்றன. பாலத்திலிருந்து ஆற்றில் குதித்து இறந்தவரின் மனைவியிடம் ஆர்ஸ் பங்கின் குரு ஜான் மரிய வியான்னி, பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையிலேயே அவருக்கு மனம் வருந்த நேரம் இருந்தது என்று சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. 1859-இல் இறந்தவர் அவர். சட்டம் மாறுவதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பே ஒரு கிராமத்துக் குருவுக்கு இது தெரிந்திருந்தது.

நம் நாட்டில் இது ஏட்டுப் பிரச்சினை இல்லை. 1995-இல் இலங்கையின் தற்கொலை விகிதம் இலட்சம் பேருக்கு 47. உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகளைத் தடை செய்த பிறகு பத்தாண்டுகளில் அது பாதியளவாகக் குறைந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவும் 1998-இல் நீக்கப்பட்டது. நஞ்சு கைக்கு எட்டாதபோது இத்தனை உயிர் பிழைத்தது என்றால், போனவர்களில் எத்தனையோ பேரைச் சாகச் செய்தது ஒரு கணத்து வேதனை. அதைக் கடவுளுக்கு எதிரான நிரந்தரப் பிடிவாதம் என்று எப்படிச் சொல்வது? அந்த வீடுகளில் பிள்ளைகளும் பெற்றோரும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் அவர் நரகத்தில் என்று சொல்கிற வாய் கிறிஸ்துவின் பெயரால் பேசவில்லை.

கருக்கலைப்புப் பற்றியும் ஒரு சொல். கத்தோலிக்கத் திருச்சபை அதைப் பெரும்பாவம் என்றே போதிக்கிறது. மன்னிக்கப்படாதது என்று ஒருபோதும் போதிக்கவில்லை. அதை மன்னிக்கும் அதிகாரத்தை 2016 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் கொடுத்துவிட்டார். பல்லேபொலப் பெண் ஒருத்தி இதற்காக ஆயரைத் தேடிக் கண்டிக்குப் போக வேண்டியதில்லை.

இந்த வசனத்தை எடுத்துப் பிரசங்கிக்கும் குருமாரையும் போதகரையும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: எல்லாப் பாவமும் மன்னிக்கப்படும் என்ற முன்பாதியையும் சேர்த்தே வாசியுங்கள். அந்தப் பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று இரவில் தூக்கமின்றிப் புரள்கிறவர்கள் நம்பிக்கைக்குரிய ஒரு குருவிடமோ போதகரிடமோ மனம்விட்டுப் பேசுங்கள். எண்ணம் ஓயவில்லை என்றால் அரச வைத்தியசாலை மனநல கிளினிக்குக்குப் போங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இப்போதே அழையுங்கள்.