வாங்கியவர் சொல்லும் வாங்குபவர் தெளிவும்

(உரைநடைப் பகுதி)

நுழையும் முன்

பொருளைத் தொட்டுப் பார்த்தும் தட்டிப் பார்த்தும் முகர்ந்து பார்த்தும் வாங்குவது நம் முன்னோர் வழக்கம். மண்பானை வாங்குவோர் அதனை விரலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே விரிசல் உண்டா இல்லையா என அறிந்தனர். இணையவழியில் வாங்கும்போது தட்டிப் பார்க்கப் பானை இல்லை. பானையின் படம் மட்டுமே உண்டு. அந்நிலையில் நம் கைக்கு மாற்றாக அமைவது, முன்னரே வாங்கியவர்களின் சொல். அச்சொல்லை எந்த அளவு நம்பலாம் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

அறிமுகமற்றோரின் அறிவுரை

மாணவர்களே! எந்த மருத்துவரிடம் செல்வது, எந்தக் கடையில் துணி எடுப்பது என்பவற்றை அண்டை வீட்டாரிடமும் உறவினரிடமும் கேட்டு அறிவது பழைய வழக்கம். சொல்பவரை நாம் அறிவோம். அவர் மிகைப்படுத்துபவரா, சிக்கனமானவரா என்பதும் நமக்குத் தெரியும். எனவே, அவருடைய சொல்லுக்கு எவ்வளவு எடை தரலாம் என்பதை எளிதில் முடிவு செய்ய முடிந்தது.

இணையம் இவ்வழக்கத்தை விரிவாக்கியது. 1995ஆம் ஆண்டு இணையப் புத்தகக் கடையாகத் தொடங்கிய அமேசான் நிறுவனம், வாங்கியவர்கள் தம் கருத்தைத் தாமே எழுதி வெளியிட இடமளித்தது. பாராட்டோடு பழிப்பும் விற்பனைப் பக்கத்திலேயே இடம்பெற்றது. இவ்வாறு பொருளையோ சேவையையோ பயன்படுத்தியவர் இணையத்தில் எழுதும் கருத்தையே வாடிக்கையாளர் மதிப்புரை என்கிறோம். இன்று உணவகம், பயிற்சி நிலையம், தொடர்வண்டி நிலையம் என அனைத்துக்கும் மதிப்புரைகள் உள்ளன. ஆனால், எழுதியவர் யார் என்பது மட்டும் நமக்குத் தெரிவதில்லை. இதுவே மதிப்புரையின் வலிமை. இதுவே அதன் குறையும் ஆகும்.

மதிப்புரையின் பயன்

அகமதாபாத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் மாவரைக்கும் இயந்திரம் ஒன்றை வாங்க விரும்புவதாகக் கொள்வோம். கோயம்புத்தூரில் வாழ்வோர்க்கு இது எளிய செயல்; தெருவில் நான்கு வீடுகளில் கேட்டால் நான்கு விடைகள் கிடைக்கும். அகமதாபாத்தின் அண்டை வீட்டார் அன்பானவர்களாக இருக்கலாம். ஆயினும், இட்லி மாவுக்கு உளுந்து எப்படிப் பொங்கி வரவேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருப்பது அரிது. அப்போது புணேயிலோ போபாலிலோ வாழும் அறிமுகமற்ற ஒருவர் எழுதிய பத்து வரிகள் பெருந்துணை ஆகின்றன.

இயந்திரத்தின் கொள்ளளவையும் விலையையும் விளம்பரம் கூறும். அரை மணி நேரம் ஓடினால் மோட்டார் எவ்வளவு சூடாகும், கல்லைத் தூக்கிக் கழுவுவது எளிதா, பட்டை அறுந்தால் மாற்றுப் பட்டை கிடைக்குமா, பழுது நீக்குபவர் வீட்டுக்கு வருவாரா என்பன போன்றவற்றை விளம்பரம் கூறாது. அவற்றைப் பயன்படுத்தியவரே கூற இயலும்.

மதிப்புரை விற்பவருக்கும் பயன்படுகிறது. பெரும்பொருள் செலவிட்டு விளம்பரம் செய்ய இயலாத சிறு தொழில் முனைவோர், நல்ல மதிப்புரைகளால் நாடெங்கும் அறியப்படுகின்றனர். தம் பொருளின் குறையை உணர்ந்து திருத்திக்கொள்ளவும் அவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது.

பயன் உள்ள இடத்தில் பொய்

அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களைப் பற்றிய ஆய்வு ஒன்றை மைக்கேல் லூக்கா என்னும் பொருளியல் ஆய்வாளர் 2011ஆம் ஆண்டு வெளியிட்டார். 'யெல்ப்' என்னும் தளத்தில் ஓர் உணவகத்தின் மதிப்பு ஒரு நட்சத்திரம் உயர்ந்தால், அதன் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு வரை உயர்கிறது என்பது அவ்வாய்வின் முடிவு. ஒரு நட்சத்திரத்திற்கு இவ்வளவு விலை உண்டெனில், அதனைக் குறுக்கு வழியில் பெற முயல்வோரும் இருப்பர் அல்லவா?

இலண்டன் நகரில் நிகழ்ந்த ஒரு செய்தி இதனை நன்கு விளக்கும். ஊபா பட்லர் என்னும் எழுத்தாளர், டல்விச் என்னும் பகுதியில் தாம் வசித்த தோட்டக் கொட்டகையை 2017ஆம் ஆண்டு ஓர் உணவகம்போல 'டிரிப் அட்வைசர்' தளத்தில் பதிவு செய்தார். சவர நுரை முதலியவற்றால் உணவுபோலத் தோன்றும் உருவங்களைச் செய்து படம் எடுத்து வெளியிட்டார். நண்பர்களும் அறிந்தவர்களும் புகழ்ந்து மதிப்புரை எழுதினர். இடம் கேட்டு அழைத்தவர்களிடமெல்லாம் இருக்கைகள் நிரம்பிவிட்டன என்றார். கிடைக்காத பொருளின்மீது ஆவல் பெருகுவது இயல்பு. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில், இல்லாத அவ்வுணவகம் இலண்டன் உணவகங்களின் வரிசையில் முதலிடம் பெற்றது! ஒருவரும் ஒரு கவளம்கூட உண்டதில்லை. சோதனை நோக்கில் செய்த இதனைப் பின்னர் அவரே வெளிப்படுத்தினார்.

பொய் மதிப்புரைகள் பலவகைப்படும். விற்பவரே வாங்கியவர்போல எழுதுவது ஒருவகை. பொருளோடு ஒரு சீட்டை வைத்து, 'ஐந்து நட்சத்திரம் தந்தால் பணம் தருவோம்' என ஆசை காட்டுவது மற்றொரு வகை. போட்டியாளரின் பொருளைப் பழித்து எழுதுவது இன்னொரு வகை. இது கொடியது, நேர்மையாகத் தொழில் செய்யும் ஒருவரின் பல ஆண்டு உழைப்பைச் சில வரிகளில் சிதைத்துவிடும். ஒரு பொருளுக்குக் கிடைத்த மதிப்புரைகளை வேறொரு பொருளின் பக்கத்தில் ஒட்டிவைப்பதும் உண்டு. இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் உரை எழுதித் தருவதால், பிழையற்ற நல்ல நடை இருப்பதை மட்டும் கொண்டு ஒரு மதிப்புரையை உண்மை எனக் கருத இயலாது.

எண்கள் மறைப்பவை

பொய் கலவாத மதிப்புரைகளும் சில நேரம் நம்மைத் திசைதிருப்பும். மிக மகிழ்ந்தவரும் மிகச் சினந்தவரும் விரைந்து எழுதுவர். 'பரவாயில்லை' என எண்ணும் பலர் எழுதுவதே இல்லை.

சராசரி எண்ணும் முழுமையானது அன்று. பின்வரும் கணக்கைக் காண்க.

முதல் இயந்திரம்: 10 பேரில் 8 பேர் ஐந்து நட்சத்திரமும் 2 பேர் ஒரு நட்சத்திரமும் தந்தனர். கூட்டுத்தொகை 42, சராசரி 4.2.

இரண்டாம் இயந்திரம்: 10 பேரில் 2 பேர் ஐந்து நட்சத்திரமும் 8 பேர் நான்கு நட்சத்திரமும் தந்தனர். கூட்டுத்தொகை 42, சராசரி 4.2.

இரண்டின் சராசரியும் ஒன்றே. ஆனால், முதல் இயந்திரத்தை வாங்கிய பத்துப் பேரில் இருவர் பெரிதும் வருந்தியுள்ளனர். இரண்டாவதை வாங்கியவருள் வருந்தியவர் எவரும் இலர். அந்த இருவர் வருந்தியதன் காரணத்தைப் படிக்காமல் சராசரியை மட்டும் பார்ப்பவர் பாதிச் செய்தியையே அறிகிறார். மோட்டார் எரிந்துபோனதா, பெட்டி தாமதமாக வந்ததா? முன்னது பொருளின் குறை. பின்னது அனுப்பியவரின் குறை.

சட்டம் கூறுவது

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 சூலை மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. அதனைச் சார்ந்து அதே மாதத்தில் வெளியான மின்வணிக விதிகள், விற்பவர் தம்மை நுகர்வோராகக் காட்டிக்கொண்டு மதிப்புரை எழுதுவதைத் தடை செய்கின்றன. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'ஐ.எஸ். 19000:2022' என்னும் தரநிலை வெளியிடப்பட்டது. மதிப்புரைகளை எவ்வாறு திரட்டுவது, எவ்வாறு சரிபார்ப்பது, எவ்வாறு வெளியிடுவது என்பவற்றை அது வகுத்துரைக்கிறது. நிறுவனங்கள் தாமே விரும்பி ஏற்கும் தரநிலையாக அது தொடங்கப்பட்டது. அமெரிக்காவிலும் பொய் மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் வேலி போன்றது. வேலி இருந்தாலும் வயலுக்குரியவர் விழிப்போடு இருத்தல் வேண்டும்.

தெளிந்து படிக்கும் முறை

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது பழமொழி. ஒரே பானையில், ஒரே நெருப்பில் வெந்த சோற்றுக்கு அது பொருந்தும். மதிப்புரைகளோ வெவ்வேறு பானைகளில் வெந்தவை. வெவ்வேறு ஊர், வெவ்வேறு தேவை, வெவ்வேறு எதிர்பார்ப்பு உடையோர் எழுதியவை. எனவே, ஒன்றைப் படித்து முடிவு செய்யாமல் பலவற்றைப் படித்து ஒப்பிட வேண்டும். படிக்கும்போது பின்வரும் வினாக்களை எழுப்புக.

1. எத்தனை பேர் எழுதியுள்ளனர்? நால்வர் தந்த ஐந்து நட்சத்திரத்தைவிட, ஆயிரம் பேர் தந்த 4.3 பெரும்பாலும் நம்பத்தக்கது.
2. எப்போது எழுதினர்? பொருள் வந்த நாளிலா, ஆறு மாதம் பயன்படுத்திய பிறகா? ஒரே நாளில் ஒரே வகைச் சொற்களோடு பல மதிப்புரைகள் குவிந்திருப்பின் ஐயம் கொள்க.
3. என்ன கூறினர்? 'அருமை, மிக அருமை' என்பது உணர்ச்சி. 'முக்கால் கிலோ உளுந்து முப்பது நிமிடத்தில் அரைந்தது' என்பது செய்தி.
4. இரண்டு, மூன்று, நான்கு நட்சத்திர மதிப்புரைகள் என்ன கூறுகின்றன? நிறையும் குறையும் சேர்ந்து வருவது பெரும்பாலும் அங்கேதான்.
5. எழுதியவரின் தேவையும் நம் தேவையும் ஒன்றா? பத்துப் பேர் கொண்ட குடும்பத்துக்குச் சிறிதாகத் தோன்றும் இயந்திரம், மூவர் வாழும் வீட்டுக்குப் போதுமானதாக இருக்கலாம்.

வாங்கியதைச் சரிபார்த்ததாக விற்பனைத் தளம் இடும் குறிப்பும் ஓரளவு துணை செய்யும். அக்குறிப்பு, எழுதியவர் வாங்கினார் என்பதையே காட்டும். அவர் கையூட்டுப் பெறவில்லை என்பதைக் காட்டாது.

நாம் எழுதும்போது

பிறர் எழுதியதால் பயன்பெறும் நாம், பிறர்க்குப் பயன்படுமாறு எழுதுதல் நன்றி. பெற்றோரின் துணையோடு எழுதுக. எவ்வளவு காலம், எதற்காகப் பயன்படுத்தினோம் என்பதைக் குறிப்பிடுக. நிறை ஒன்றையும் குறை ஒன்றையும் நேர்மையாகக் கூறுக. சினம் மிகுந்த பொழுதில் எழுதற்க. வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை வெளியிடற்க. பணத்திற்காகவோ பரிசுக்காகவோ ஒரு நட்சத்திரத்தைக் கூட்டுவது, முகமறியாத ஒரு குடும்பத்தின் சேமிப்பை வீணாக்கக் கூடும். நாம் இடும் ஒவ்வொரு நட்சத்திரமும் யாரோ ஒருவருக்குக் கூறும் உறுதிமொழி என்பதை மறவாதிருப்போம்.

தெரிந்து கொள்வோம்

• திருக்குறளின் 51ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. ஒருவரின் நிறையையும் குறையையும் ஆராய்ந்து, எது விஞ்சி நிற்கிறதோ அதனைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்னும் கருத்து அதில் இடம்பெறுகிறது.
• தேசிய நுகர்வோர் உதவி எண்: 1915.
• தேசிய நுகர்வோர் நாள்: திசம்பர் 24.

சொல்லும் பொருளும்

நுகர்வோர் – பொருளையோ சேவையையோ பெற்றுப் பயன்படுத்துவோர்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு என்னும் கணக்கு
கவளம் – ஒருவாய் உணவு
விஞ்சுதல் – மிகுதல்
கையூட்டு – இலஞ்சம்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. மதிப்புரை 2. நற்பெயர் 3. அவ்வுணவகம் 4. பெருந்துணை

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. விளம்பரம் கூறாத எவற்றை மதிப்புரை கூறுகிறது?
2. டல்விச் நிகழ்வு உணர்த்தும் உண்மை யாது?
3. சட்டம் எதனோடு ஒப்பிடப்படுகிறது? ஏன்?

இ. கீழ்க்காணும் மதிப்புரைகளைப் படித்து விடை எழுதுக.

முதல் மதிப்புரை: "உலகிலேயே இதற்கு இணை இல்லை! உடனே வாங்குங்கள்!" (5 நட்சத்திரம்)

இரண்டாம் மதிப்புரை: "நான்கு மாதங்களாக வாரம் இருமுறை பயன்படுத்துகிறோம். மாவு நன்கு பொங்குகிறது. கல் கனமானது, என் மாமியாரால் தூக்கிக் கழுவ இயலவில்லை." (3 நட்சத்திரம்)

மூன்றாம் மதிப்புரை: "பெட்டி நசுங்கி, இரண்டு நாள் தாமதமாக வந்தது." (1 நட்சத்திரம்)

1. எது மிகுந்த பயன் தருகிறது? காரணம் கூறுக.
2. மூன்றாம் மதிப்புரை யாருடைய குறையைக் கூறுகிறது?
3. முதியவர் மட்டும் வாழும் வீட்டிற்கு இவ்வியந்திரத்தைப் பரிந்துரைப்பீர்களா?

ஈ. சிந்தித்து எழுதுக.
உங்கள் உறவினர் ஒருவர் புதிதாக உணவகம் தொடங்குகிறார். அங்கு உண்ணாமலேயே ஐந்து நட்சத்திரம் தருமாறு உங்களிடம் கேட்கிறார். அவர் மனம் வருந்தாதவாறு நீங்கள் கூறும் விடையை உரையாடலாக எழுதுக.

உ. செயல்பாடு
உங்கள் வீட்டில் ஓராண்டுக்கு மேல் பயன்படும் பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதனை நாள்தோறும் பயன்படுத்துபவரிடம் நிறைகுறைகளைக் கேட்டறிந்து, எட்டு வரிகளில் தமிழில் மதிப்புரை எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.