பிணியும் பழவினையும்



நோயுற்ற ஏழையைக் கண்டதும், "முற்பிறப்பின் வினை, அநுபவித்தே தீரவேண்டும்" என்று கூறிக் கடந்து செல்வோர் பலர். தம்மத்தைத் தழுவிய நம்மவர் நாவினின்றும் அச்சொல் இன்னும் முற்றும் அகலவில்லை. ஆகவே இப்பாடத்தில் அதனை ஆராய்வோம்.

மனிதர் அடையும் இன்பதுன்பம் யாவும் முன்வினையால் வந்தவையே என்போரைப் பற்றி, மோலியசீவகர் என்னும் பரிவிராசகர் பகவானிடம் வினவினார். அக்கொள்கை தவறு என்று பகவான் மறுத்தார். பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், முறைதவறிய உடற்பேணல், வெளியிலிருந்து நேரும் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டினார். எட்டனுள் வினை ஒன்றே. ஏழினை விட்டு ஒன்றனை மட்டும் பற்றுதல் அறிவுடைமையாகுமா?

இதனை நம் நாட்டு வரலாற்றில் வைத்துப் பார்ப்போம். இன்று கொல்கத்தா எனப்படும் கல்கத்தாவில், 1942 டிசம்பரில் மணங்கு ஏறக்குறைய 14 ரூபாய்க்கு விற்ற அரிசி, 1943 ஆகஸ்டில் 37 ரூபாய் ஆயிற்று. நாட்டுப்புறத்தாரின் கூலி அவ்வாறு ஏறவில்லை. நிலமற்ற கூலியாட்களும் மீனவரும் குடும்பத்தோடு நகரை நாடி வந்து, கஞ்சித் தொட்டிகளைத் தேடி அலைந்து, நடைபாதைகளில் மாண்டனர். அதே நகரின் பெருந்தொழிற்சாலைத் தொழிலாளருக்கோ முதலாளிமார் வழியாக மலிவு விலையில் அரிசி கிடைத்தது. முன்னவர் பாவிகள், பின்னவர் புண்ணியவான்கள் என்பதா? அரிசி பெறும் வழி ஒருவர்க்கு இருந்தது; மற்றவர்க்கு இல்லை. வேறுபாடு இதுவே.

துன்பம் பட்டினியோடு முடியவில்லை. மெலிந்த உடல்களை மலேரியாவும் வாந்திபேதியும் பெரியம்மையும் பற்றின. இறந்தோர் ஏறக்குறைய 15 லட்சம் என 1945இல் அரசின் விசாரணைக் குழு கணித்தது. பின்னாளில் ஆராய்ந்த அமர்த்தியா சென் 30 லட்சம் வரை என்றார். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் 1943 கழிந்த பின்னரே, பெரும்பாலும் நோயால் மாண்டனர் என்பதும் அவர் கண்டதே. பழியை வினைமேல் சுமத்தினால், அரிசியைப் பதுக்கியவனும் பாராமுகமாயிருந்த அரசும் தப்பிவிடுவர் அல்லவா?

ஆளவி நகரில் பசியோடு வந்த ஏழை உழவனுக்கு முதலில் உணவளிக்கச் செய்து, அதன் பின்னரே பகவான் தம்மம் உரைத்தார். பசியை நோய்களுள் தலையாயதாக அவர் கண்டார். நம் மணிமேகலை அமுதசுரபி ஏந்தியதும் அப்பிணி தீர்க்கவே.

ஆதலின், நோயாளியின் இல்லம் செல்லுங்கால் அவர் வினையை ஆராயாதீர்கள். அடுப்பு எரிந்ததா, கூலி கிடைத்ததா, குடிநீர் தூயதா என்று கேளுங்கள். மருத்துவமனைக்குத் துணை செல்லுங்கள். ரேஷன் அட்டை இல்லாதவர்க்கு மனு எழுதிக் கொடுங்கள். அதுவும் வினையே, நாம் இன்று செய்யும் நல்வினை.

எல்லா உயிர்களும் நலமுறுக!