சவரக் கத்தியைக் காயமின்றிப் பாவிப்போம்

1990ஆம் ஆண்டு யூனில் காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலிப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வாழ நேர்ந்தது. நெருக்கமாக வாழும் இடத்தில் கிணறும் வாளியும் பொதுவாவதுபோலச் சவரக் கத்தியும் பொதுவாகிவிடுகிறது. சிறு கீறலின் பின்னே உள்ள ஆபத்தையும், அதைத் தவிர்க்கும் வழியையும் இப்பாடத்தில் பார்ப்போம்.

நீரும் நுரையும்

நமது மண்ணின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். 1990 வரை இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை அகழ்ந்ததும் இக்கல்லையே. இதனூடாக ஊறும் கிணற்று நீரில் கல்சியம் மிகுதி. ஆகவே சவர்க்காரம் நன்கு நுரைக்காது. நுரையில்லாத முகத்தில் கத்தி வழுக்காமல் பிடித்து இழுத்துத் தோலைக் கீறும். மழைநீரைச் சேமித்துப் பாவியுங்கள். இல்லையேல் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மேலே தெளிந்ததை எடுங்கள். சுண்ணாம்பின் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும்.

செய்யும் முறை

1. மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் வெட்டும். சவரத்துக்கு முன் தோல் வாரில் தீட்டுங்கள். கத்தியின் முதுகு முன்னே செல்ல, கூர் பின்னே வரவேண்டும்.

2. இளஞ்சூட்டு நீரால் முகத்தை இரண்டு மூன்று நிமிடம் நனைத்து, நன்றாக நுரை பூசுங்கள்.

3. மறுகையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். முதியவர்களுக்குச் சவரம் செய்யும்போது இது மிக அவசியம்.

4. கத்தியை ஏறத்தாழ 30 பாகை சாய்த்து, மயிர் வளரும் திசையில், சிறிது சிறிதாக வழியுங்கள். கூரின் நீளவாக்கில் ஒருபோதும் அசைக்க வேண்டாம். அவ்வாறு அசைப்பதே அறுப்பது.

5. முடிந்ததும் கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள். கடற்காற்றில் உருக்கு விரைவில் துருப்பிடிக்கும்.

வெட்டுப்பட்டால்

சுத்தமான துணியால் சில நிமிடம் விடாமல் அழுத்துங்கள். சாம்பல், கோப்பித்தூள், சாணம் எதையும் வைக்க வேண்டாம். மண்ணிலும் சாணத்திலும் ஏற்புவலிக் கிருமி இருக்கிறது. தோட்டவேலை செய்பவர்கள் ஏற்புவலித் தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களின் காயம் ஆறத் தாமதித்தால் வைத்தியரிடம் செல்லுங்கள்.

ஒருவருக்கு ஒரு கத்தி

ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பீ கிருமி, உலர்ந்த இரத்தக் கறையிலும் குறைந்தது ஏழு நாட்கள் உயிர்வாழக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமும் போதும். கத்தியைத் துடைப்பதால் அது அகலாது. தந்தையும் மகனும்கூட ஒரே கத்தியைப் பகிர வேண்டாம். சலூனில் உங்கள் முன்னிலையில் புது பிளேட் மாற்றும்படி கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அது தொழிலாளரையும் காப்பாற்றும்.

கலந்துரையாடுவோம்

1. நமது வீட்டில் ஒரு கத்தியை எத்தனை பேர் பாவிக்கிறோம்?

2. சவரத்துக்கு மழைநீரைச் சேமிக்க நம்மிடம் என்ன பாத்திரம் உண்டு?

3. வீட்டில் கடைசியாக ஏற்புவலித் தடுப்பூசி போட்டது யார், எப்போது?