மேப் பைல் எங்கே இருக்கிறது? ஆண்ட்ராய்ட் போனில் ஆப்லைன் மேப்

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அப்பா, அம்மா, தங்கையுடன் காரில் கொல்லிமலைக்குச் சென்றிருந்தேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, அறப்பளீஸ்வரர் கோவிலில் சாமி கும்பிட்டோம். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகள் அப்பாவின் முழங்காலுக்கு ஒத்துவராது என்பதால் கோவிலோடு திரும்பிவிட்டோம். வழியில் தோட்டங்களுக்கு நடுவே ஒரு குறுக்குச் சாலையில் வண்டியைத் திருப்பினேன். செம்மேட்டுக்குச் சீக்கிரம் போய்விடலாம் என்று நினைப்பு. அதற்குள் இருட்டிவிட்டது. சாலை குறுகிக்கொண்டே போனது. போனில் சிக்னல் இல்லை.

"மேப்பைப் பாருடா தம்பி" என்றார் அப்பா. திறந்தேன். நடுவில் ஒரு நீலப் புள்ளி. சுற்றிலும் ஒரு கோடுகூட இல்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரை போட்டுக்கொண்டு, மதியம் சரியாகச் சாப்பிடாமல் விட்டிருந்தார். கை நடுங்கி, வியர்க்கத் தொடங்கிவிட்டது. தங்கையின் பையில் இருந்த மிட்டாய்களைக் கொடுத்தோம். எதிரே இருசக்கர வண்டியில் வந்த ஒருவர், "என் பின்னாடியே வாங்கண்ணே" என்று செம்மேடு வரை கூட்டிக்கொண்டு வந்து விட்டார். அங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பன் சாப்பிட்ட பிறகுதான் அப்பா சகஜமானார்.

இதில் நான் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பகுதி மேப்பை ஒரு வாரம் முன்பே நான் டவுன்லோட் செய்து வைத்திருந்தேன். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு, போனில் இடம் போதவில்லை என்று மெசேஜ் வந்தது. செட்டிங்ஸ் போய், அதிக இடம் பிடித்திருந்த அப்ளிகேஷன்களில் வரிசையாக 'கிளியர் ஸ்டோரேஜ்' தட்டிக்கொண்டே வந்தேன். மேப்பும் அதோடு போய்விட்டது. சாப்ட்வேர் வேலை பார்ப்பவன் செய்த காரியம் இது!

எனவே இந்தக் கட்டுரையில் ஆப்லைன் மேப்பை எப்படி டவுன்லோட் செய்வது என்பதோடு, அந்த பைல் எங்கே போய் உட்காருகிறது, எதைத் தட்டினால் அது அழியும் என்பதையும் பார்ப்போம்.

நீலப் புள்ளி மட்டும் ஏன் தெரிந்தது?

ஜிபிஎஸ்ஸும் மேப்பும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றி வருகின்றன. அவை அனுப்பும் ரேடியோ சிக்னலை உங்கள் போன் கேட்கிறது. பதிலுக்கு எதையும் அனுப்புவதில்லை. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால், நீங்கள் நிற்கும் இடத்தைப் போன் கணக்கிட்டுவிடும். இதற்கு சிம் கார்டும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தில் இன்டர்நெட் உதவுகிறது. எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை நெட் வழியாகப் போன் சட்டென்று வாங்கிக்கொள்ளும். நெட் இல்லையென்றால் அந்த விவரத்தையும் செயற்கைக்கோளிடமிருந்தே வாங்க வேண்டும். அது வரும் வேகம் நொடிக்கு 50 பிட்தான். அந்தக் கால டயல்-அப் மோடம்கூட இதைவிடப் பல மடங்கு வேகம்! ஆகவே மலைப்பகுதியில் போனை ஆன் செய்த உடனே இடம் தெரியவில்லையே என்று பதற வேண்டாம். வெட்டவெளியில் ஓரிரு நிமிடங்கள் காத்திருங்கள்.

இப்படி இடம் கிடைத்துவிட்டாலும், அந்த இடத்தைச் சுற்றியுள்ள சாலைகளை வரைந்து காட்டுவதற்குப் போனிடம் தகவல் இருக்க வேண்டும். அந்தத் தகவல்தான் மேப் பைல். சாதாரணமாக இது நெட் வழியாகத் துண்டு துண்டாக வரும். முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொண்டால் அது ஆப்லைன் மேப்.

கூகுள் மேப்ஸில் டவுன்லோட் செய்வது

வைபை இணைப்பில் இருக்கும்போது கூகுள் மேப்ஸைத் திறக்கவும். வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தட்டினால் ஒரு மெனு கிடைக்கும். அதில் 'ஆப்லைன் மேப்ஸ்' என்பதையும், பிறகு 'செலக்ட் யுவர் ஓன் மேப்' என்பதையும் தேர்ந்தெடுக்கவும். திரையில் ஒரு கட்டம் தோன்றும். உங்களுக்கு வேண்டிய பகுதி கட்டத்துக்குள் வரும்படி விரல்களால் நகர்த்தியும் விரித்தும் சரிசெய்யவும். எத்தனை எம்பி ஆகும் என்பது கீழே தெரியும். 'டவுன்லோட்' தட்டவும். அவ்வளவுதான்.

டவுன்லோட் ஆனதும் பட்டியலில் அந்த மேப்பின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, 'கொல்லிமலை' என்பது போல நீங்களே ஒரு பெயர் கொடுத்துவிடுங்கள். நான்கைந்து மேப்புகள் சேர்ந்த பிறகு எது எந்த ஊர் என்று குழம்பாமல் இருக்கும்.

கூகுளின் ஆப்லைன் மேப்புக்குக் காலாவதித் தேதி உண்டு. மாத்திரை அட்டை போல! தேதி நெருங்கும்போது வைபை இருந்தால் தானாகவே புதுப்பித்துக்கொள்ள முயலும். வீட்டில் வைபை இல்லாமல் மொபைல் டேட்டா மட்டும் பயன்படுத்துபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். போன வருடம் இறக்கிய மேப் இருக்கிறது என்ற நம்பிக்கையில் கிளம்பாமல், அந்தப் பட்டியலைத் திறந்து தேதியைப் பார்த்துவிடவும்.

இன்னொன்று. நெட் இல்லாதபோது கூகுள் மேப்ஸ் கார் செல்லும் வழியை மட்டுமே காட்டும். நடந்து போகும் வழி, பஸ் வழி, சைக்கிள் வழி எதுவும் கிடைக்காது. டிராபிக் நிலவரமும் தெரியாது.

இந்த மேப் பைலைப் போனில் தேடிப் பார்க்கலாமா என்றால், முடியாது. அது அந்த அப்ளிகேஷனுக்கு மட்டும் உரிய இடத்தில் இருக்கிறது. பைல் மேனேஜரில் தெரியாது. காப்பி செய்து இன்னொரு போனில் போடவும் வழியில்லை.

கையில் பிடிக்கக்கூடிய பைல் வேண்டும் என்றால்

ஆர்கானிக் மேப்ஸ் என்ற இலவச அப்ளிகேஷனை நான் இப்போது கூடவே வைத்திருக்கிறேன். 2021இல் வெளிவந்தது, விளம்பரம் கிடையாது. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்தின் தகவலை இது பயன்படுத்துகிறது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தங்கள் ஊர்ச் சாலைகளைத் தாங்களே வரைந்து சேர்ப்பதுதான் அந்தத் திட்டம். நெட் இல்லாமலேயே நடைபாதை, சைக்கிள் வழிகளையும் இது காட்டும். ஆனால் கடை, ஓட்டல் பெயர்கள் கூகுளில் இருக்கும் அளவுக்கு இருக்காது. சிறு ஊர்களில் சில தெருக்களே விடுபட்டிருக்கும். எனவே ஒன்றை நீக்கிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டும் இருக்கட்டும்.

இதன் மேப்புகள் தனித்தனி பைல்களாக, எம்டபிள்யூஎம் என்ற பெயர் விகுதியோடு இருக்கும். கம்ப்யூட்டரில் இதைப் பார்க்கலாம். போனை யுஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டருடன் இணைக்கவும். முதலில் சார்ஜ் மட்டும்தான் ஏறும். போன் திரையை மேலிருந்து கீழே இழுத்து, யுஎஸ்பி பற்றிய அறிவிப்பைத் தட்டி, 'பைல் டிரான்ஸ்பர்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இனி கம்ப்யூட்டரில் உங்கள் போன் ஒரு டிரைவ் போலத் தெரியும். அதில் 'ஆண்ட்ராய்ட்' என்ற போல்டர், அதற்குள் 'டேட்டா', அதற்குள் ஆர்கானிக்மேப்ஸ் என்று முடியும் பெயருள்ள போல்டர், அதற்குள் 'பைல்ஸ்' என்று வரிசையாகத் திறக்கவும். ஆறு இலக்க எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு போல்டர் இருக்கும். அந்த எண் வேறொன்றுமில்லை, மேப் தயாரான தேதி. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் படிக்கவும். மேப் எவ்வளவு பழசு என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம்.

போனிலேயே பைல் மேனேஜர் வழியாக இந்த போல்டரைத் திறக்கப் பார்த்தால் பெரும்பாலும் நடக்காது. 2020இல் வந்த ஆண்ட்ராய்ட் 11 முதல், ஓர் அப்ளிகேஷனின் டேட்டா போல்டருக்குள் மற்ற அப்ளிகேஷன்கள் நுழைவதைத் தடுத்துவிட்டார்கள். பாதுகாப்புக்காகச் செய்தது, நல்லதுதான். அதனால்தான் கம்ப்யூட்டர் வழியாகப் போகச் சொல்கிறேன்.

அந்தத் தேதி போல்டரை அப்படியே கம்ப்யூட்டரில் காப்பி செய்து வைத்துக்கொண்டால் உங்களிடம் ஒரு பேக்கப் இருக்கும். வீட்டில் இன்னொரு போன் இருந்தால், அதிலும் ஆர்கானிக் மேப்ஸை இன்ஸ்டால் செய்து ஒரு முறை திறந்து மூடிவிட்டு, அதே இடத்தில் இந்த போல்டரை பேஸ்ட் செய்யலாம். டேட்டா செலவு மிச்சம். சில போன்களில் பேஸ்ட் செய்ய அனுமதி கிடைக்காது. அப்போது மல்லுக்கட்ட வேண்டாம், அப்ளிகேஷனிலேயே டவுன்லோட் செய்துவிடுங்கள்.

என் சித்தப்பா ஒருமுறை ஜியோபேப்ரிக் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் தளத்திலிருந்து தென் இந்திய மேப்பை இறக்கி வைத்துக்கொண்டு, "போனில் திறக்கவே மாட்டேங்குதே" என்று கூப்பிட்டார். அவர் இறக்கியது பிபிஎப் என்று முடியும் பைல். அது கச்சாப் பொருள். அரிசியை வாங்கி வந்து தட்டில் போட்டுச் சாப்பிட முடியுமா? ஆர்கானிக் மேப்ஸுக்கு எம்டபிள்யூஎம், ஓஎஸ்எம்அண்ட் என்ற இன்னொரு அப்ளிகேஷனுக்கு ஓபிஎப் என்று அதனதற்குச் சமைத்த பைல்தான் வேண்டும். ஒன்றின் பைல் மற்றதில் வேலை செய்யாது.

எல்லை தாண்டும்போது

இந்தியா போன்ற பெரிய நாட்டின் மேப் ஒரே பைலாக வராது, மாநிலவாரியாகப் பிரித்திருப்பார்கள். தமிழ்நாட்டை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடி போகக் கிளம்பினால், கேரள எல்லையைத் தாண்டியதும் சாலை விவரம் இருக்காது. வழி கேட்டாலும், இன்னொரு மேப் தேவை, டவுன்லோட் செய்யவும் என்று சொல்லும். அந்தக் காட்டுக்குள் எங்கே போய் டவுன்லோட் செய்வது? எனவே போகும் ஊரை மட்டும் பார்க்காமல், வழியில் எந்தெந்த மாநிலங்கள் வருகின்றன என்று பார்த்து எல்லாவற்றையும் இறக்கவும். கூகுளிலும் இதே கதைதான். கட்டம் முழுப் பாதையையும் மூடியிருக்க வேண்டும்.

எதைத் தட்டினால் என்ன அழியும்?

நான் செய்த தவறுக்கு வருகிறேன். செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' சென்று, மேப் அப்ளிகேஷனைத் தேர்ந்தெடுத்து, 'ஸ்டோரேஜ்' தட்டினால் இரண்டு பட்டன்கள் இருக்கும். ஒன்று 'கிளியர் கேச்'. இது தற்காலிக பைல்களை மட்டும் துடைக்கும். டவுன்லோட் செய்த மேப்புகள் பொதுவாக அதில் இருப்பதில்லை. மற்றது 'கிளியர் ஸ்டோரேஜ்'. சில போன்களில் 'கிளியர் டேட்டா' என்றிருக்கும். இது அந்த அப்ளிகேஷனைக் கடையில் வாங்கிய நிலைக்குக் கொண்டுபோய்விடும். மேப், செட்டிங்ஸ் எல்லாம் காலி. அப்ளிகேஷனை அன்இன்ஸ்டால் செய்தாலும் அதன் டேட்டா போல்டர் மொத்தமாகப் போய்விடும். ரீசைக்கிள் பின் எல்லாம் இங்கே கிடையாது.

மேப்பை இழந்தால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஆர்கானிக் மேப்ஸில் நீங்கள் குறித்து வைத்த இடங்கள் போனால் போனதுதான். குலதெய்வக் கோவிலுக்குத் திரும்பும் மண்பாதையை நீங்கள் புள்ளி வைத்து வைத்திருந்தால், அது வேறு எந்த சர்வரிலும் இல்லை. மாதம் ஒருமுறை அதன் புக்மார்க் பட்டியலை எக்ஸ்போர்ட் செய்து உங்களுக்கே மெயில் அனுப்பிவிடுங்கள்.

இடம் வேண்டுமென்றால், அப்ளிகேஷனுக்குள் சென்று, போய்வந்த ஊர்களின் மேப்பை மட்டும் தேர்ந்தெடுத்து டெலிட் செய்யுங்கள். எஸ்டி கார்டு போடும் வசதி உள்ள போன் என்றால் மேப்புகளைக் கார்டிலும் வைக்கலாம். இரண்டு அப்ளிகேஷன்களிலும் அதற்கு செட்டிங் உண்டு. கார்டைக் கழற்றினால் மேப்பும் கூடவே போகும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

கிளம்பும் முன் ஒரு சோதனை

முதல் நாள் இரவு, போனில் உள்ள குப்பைகளைச் சுத்தம் செய்து முடித்த பிறகு (முன்னால் அல்ல), ஏரோபிளேன் மோடை ஆன் செய்யவும். வைபையும் அணைந்திருக்கிறதா என்று பார்க்கவும். லொகேஷன் மட்டும் ஆனில் இருக்கட்டும். இப்போது மேப்பைத் திறந்து, போகும் ஊரைத் தேடி, வழி கேட்கவும். பிறகு அந்த ஊரிலிருந்து திரும்பி வரும் வழியையும் கேட்கவும். தெருக்கள் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கவும். இரண்டு நிமிட வேலை. தெரியவில்லை என்றால் வீட்டில் இருக்கும்போதே சரிசெய்துவிடலாம்.

இந்தச் சோதனையை அப்பாவுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போது கோவிலுக்குக் கிளம்பினாலும் முதல் நாளே அவர் செய்து பார்த்துவிடுகிறார். போன மாதம் ஒரு நாள் காலை முழுவதும் அவருக்குப் போன் போகவே இல்லை. பதறிக்கொண்டு வீட்டுக்குப் போனால், ஏரோபிளேன் மோடை அணைக்க மறந்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நீங்கள் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.